ராடு ஒட்டிக்கொள்ளும் இடம்

டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். வெல்டிங்கை ஆன்லைனில் கற்றுத்தர முடியுமா என்றுதானே கேட்டீர்கள்? பாதி முடியும். எந்தப் பாதி என்பதில்தான் வாத்தியார்கள் நாம் கோட்டை விடுகிறோம்.

ஐ.டி.ஐ. பட்டறையை நினைத்துப் பாருங்கள். வாத்தியார் ஆர்க் அடித்துக் காட்டுகிறார், சுற்றி இருபது பிள்ளைகள், கையில் கறுப்புக் கண்ணாடி. பின்னால் நிற்பவனுக்குத் தெரிவது வாத்தியாரின் முதுகு. முன்னால் நிற்பவனும் பளீர் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் உருகிக் குழம்பாய் நகரும் இரும்பை. அந்தக் குழம்பின் அகலம்தான் கையின் வேகத்தைக் கூட்டச் சொல்லும், குறைக்கச் சொல்லும். கேமராவுக்கு முன்னால் அதே கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தி நெருக்கத்தில் எடுங்கள்; இருபது பேருக்கும் முதல் வரிசை. கேமரா உங்கள் தோளுக்கு மேல் இருக்கட்டும். எதிரே வைத்தால் இடம் வலமாகி, பிள்ளைகள் மனசுக்குள் படத்தைத் திருப்பிப் போட்டே களைத்துவிடுவார்கள்.

நீட்டவும் வேண்டாம். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமானாலும், பாதிக்குக் குறையாத தடவைகளில் பார்ப்பது 6 நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. எனவே ஆர்க் அடிப்பதற்கு ஒன்று, மேலே படியும் கசடை, அதாவது ஸ்லாக்கை, தட்டுவதற்கு ஒன்று, அவ்வளவே.

இனி சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அறுவை மருத்துவர் ரோட்னி பெய்டன் 1998-ல் கைவேலை கற்றுத்தர நான்கு படி சொன்னார். முதலில் பேசாமல் செய்து காட்டுவது, அப்புறம் விளக்கிக்கொண்டே செய்வது. மூன்றாவதில் மாணவன் சொல்லச் சொல்ல வாத்தியார் செய்வார். கடைசியில்தான் மாணவன் கை வைப்பான். அவசரத்தில் நாம் தாண்டிப்போவது அந்த மூன்றாவதை. ஆன்லைன் நேரடி வகுப்புக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

ஒரு நாள் ஒரு பையன் சொல்லிக்கொண்டே வந்தான்: “ஹோல்டர்ல ராடை மாட்டுங்க சார். மெஷினை ஆன் பண்ணுங்க. ஷீல்டைப் பிடிங்க. இப்ப உரசுங்க சார்.” உரசினேன். ஒரு பொறி இல்லை. மறுபடி உரசினேன். மைக்கை அணைக்க மறந்த யாரோ சிரித்துவிட்டார்கள். சற்று நேரம் கழித்து ஒரு பெண்ணின் குரல்: “சார், எர்த் கிளாம்ப்!” கிளாம்ப் தரையில் கிடந்தது, மாட்டச் சொன்னால்தானே மாட்டுவேன்? அந்த வகுப்பில் அதற்கப்புறம் யாரும் எர்த்தை மறக்கவில்லை.

ஆன்லைனில் வராத மற்ற பாதி மணிக்கட்டில் இருக்கிறது. 3.15 மி.மீ. ராடு என்றால் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு இடைவெளி. ராடு எரிந்து குறையக் குறையக் கை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சரியாகப் போனால் வடை பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். போன் ஸ்பீக்கரில் அது வெறும் இரைச்சல். வீட்டில் கம்பு நுனியில் பென்சிலைக் கட்டி ஒரே வேகத்தில் கோடு இழுத்துப் பழகச் சொல்வேன். கரண்ட் பக்கம் போகவே கூடாது.

பட்டறைக்கு வந்தபின் நான் பாடம் எடுப்பதில்லை. வெல்டிங் தடத்தின் மேலிருக்கும் ஸ்லாக்கைத் தட்டி எடுத்து, “எங்கே கெட்டது?” என்று முதலில் மாணவனையே கேட்பேன். ராடு ஒட்டிக்கொண்டால் ஷீல்டைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பான். நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன். மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால் வந்துவிடும் என்பது வீடியோவிலேயே இருக்கிறது.