பொம்மைக்கு உடை: மண்ணிலா, துணியிலா?

நவராத்திரிக் கொலுவுக்கான பொம்மைகள் புரட்டாசியில் விற்பனையாகின்றனவேனும், அவற்றிற்குரிய வேலை சித்திரை, வைகாசியிலேயே தொடங்கிவிடுகிறது. ஏரி வற்றி மண் எடுக்கக்கூடிய காலம் அதுவே. வயல் வேலை குறைந்து பெண்களின் கைகள் ஓய்ந்திருக்கும் காலமும் அதுவே. ஆதலின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இத்தொழிலை மேற்கொள்ள முன்வருவது இயல்பேயாகும். ஆனால் அவை கடன் மனுவுடன் வரும்பொழுது, பெரும்பாலும் ஒரு கேள்விக்கு விடை காணாமலேயே வருகின்றன. பொம்மையின் புடவையையும் வேட்டியையும் மண்ணிலேயே உருவாக்கி வர்ணம் தீட்டுவதா, அன்றி உடலை மட்டும் செய்து அதற்குத் துணி உடுத்துவதா என்பதே அக்கேள்வி.

இது அழகைப் பற்றிய கேள்வி போலத் தோன்றலாம். உண்மையில் இது முதலீட்டைப் பற்றியது. முதல் வழிக்கு அச்சும் சூளையும் வேண்டும்; இரண்டாம் வழிக்குத் தையல் இயந்திரமும் துணியும் வேண்டும். கிடைக்கும் கடன் தொகையோ ஒன்றுதான். அது தகாத பொருளில் முடங்கிவிடுமானால், விற்காத பொம்மைகள் அடுத்த புரட்டாசி வரையில் பரணில் கிடக்கும். தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும். எனவே குழுவினருக்கு யோசனை கூறும் நிலையிலுள்ள பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவ்விஷயத்தைச் சற்று நுணுகி அறிந்திருப்பது உசிதமாகும்.

நமது நாட்டில் இரு வழிகளும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. மதுரையை அடுத்த விளாச்சேரியிலும், பண்ணுருட்டி, காஞ்சீபுரம் முதலிய இடங்களிலும் செய்யப்படும் கொலுப் பொம்மைகளில் உடை உடலோடு ஒன்றாகவே அமைகிறது. மடிப்பும் கரையும் அச்சிலேயே விழுகின்றன. பின்னர் வர்ணம் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. மறுபுறம், கொலுவின் மேற்படியில் வைக்கப்படும் மரப்பாச்சியைப் பாருங்கள். செம்மரத்தில் எளிமையாகச் செதுக்கப்பட்ட அந்த இணைக்குப் பட்டுத் துண்டும் சரிகையும் உடுத்தி, நகை பூட்டி அழகு பார்ப்பது வீட்டாரின் வேலை. உடை கசங்கினால் அடுத்த ஆண்டு புது உடை. உடல் தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது. உடையோ ஆண்டுக்கு ஒன்றாக மாறுகிறது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். நாம் கூற வருவது பெரும்பாலும் இதிலேயே அடங்கியுள்ளது.

மண்ணில் உடை அமைப்பதன் முறையை முதலில் காண்போம். பொம்மை முன் அச்சு, பின் அச்சு என இரண்டு பாதிகளாக எடுக்கப்பட்டு, உள்ளே கூடாக வைத்து ஒட்டப்படுகிறது. அச்சிலிருந்து மண் நேராக வெளிவர வேண்டுமாதலால், உட்குழிந்த மடிப்புகளையும் உடலை விட்டு விலகித் தொங்கும் முந்தானையையும் அச்சில் எடுக்க இயலாது. அத்தகைய பகுதியைத் தனித் தகடாகத் தட்டி, ஈரம் காயுமுன் களிக்குழம்பு பூசிச் சேர்க்க வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுவே. மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும் இயல்புடையது. பருத்த உடல் மெதுவாகக் காய, மெல்லிய முந்தானை விரைவாகக் காய்ந்து முன்னதாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டும் சேரும் விளிம்பில் விரிசல் காண்கிறது. முந்தானையை முதுகோடு படிய அமைத்தலும், மெல்லிய விளிம்புகளை ஈரத்துணியால் மூடி நிழலில் உலர்த்தலும் இதற்குப் பரிகாரமாகும். அனுபவமுள்ள குயவர்கள் கையையும் முந்தானையையும் உடலோடு அணைத்தே வைப்பதற்குக் காரணம் கற்பனைக் குறைவன்று. சூளையிலும் வண்டியிலும் உடையாமல் தப்புவது அத்தகைய உருவமே என்பதுதான்.

காகிதக் கூழில் இத்தொல்லை குறைவு. அது இலேசானது, சூளையும் வேண்டுவதில்லை. புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நடனப் பொம்மை இதற்குச் சிறந்த உதாரணம். அதன் அகன்ற பாவாடை ஓர் அலங்காரம் மட்டுமன்று. உள்ளே வெறுமையாக, விறைப்பாக நிற்கும் அந்தப் பாவாடையே பொம்மையின் கால்களும் பீடமுமாகும். அதன் மேல் இடுப்புப் பகுதியும் தலையும் தனித்தனியே சமநிலையில் அமர்ந்து, விரல் பட்டதும் ஆடுகின்றன. அங்கே துணிப் பாவாடையை வைத்தால் தாங்குவதற்கு ஒன்றும் இராது. உடை ஒரு வேலையைச் செய்ய வேண்டியிருக்கும் இடத்தில் அதைக் கூழிலோ மண்ணிலோதான் செய்ய வேண்டும்.

இனித் துணியைப் பற்றி. இதில் முதற்கண் பார்க்க வேண்டியது பொம்மையின் உயரம். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் ஏறத்தாழ 150 செ.மீ. என்று கொள்வோம். 30 செ.மீ. பொம்மை அவளில் ஐந்தில் ஒரு பங்கு, 15 செ.மீ. பொம்மை பத்தில் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர் புடவை, பெரிய பொம்மைக்கு 110 செ.மீ. ஆகவும், சிறியதற்கு 55 செ.மீ. ஆகவும் குறைய வேண்டும். நான்கு அங்குலக் கரை முறையே இரண்டு செ.மீ. ஆகவும் ஒரு செ.மீ. ஆகவும் குறைய வேண்டும். நீளத்தையும் கரையையும் நாம் குறைத்துவிடலாம். நூலின் தடிமனை எவ்வாறு குறைப்பது? 15 செ.மீ. பொம்மைக்குச் சாதாரணப் பருத்தித் துணியால் கொசுவம் வைத்துக் கட்டுவது, பத்து மடங்கு தடித்த கம்பளியை ஒரு பெண் புடவையாகச் சுற்றிக்கொள்வதற்கு ஒப்பாகும். இடை பருத்துவிடும். துணியும் தன் எடையால் கீழ்நோக்கி விழாமல் குடைபோல விரிந்து நிற்கும். ஆதலின் ஒரு சாணுக்குக் குறைந்த உருவங்களுக்குத் துணி உடை வேண்டாம் என்பது எமது கருத்து.

தென் பிரான்சிலும் இதே அளவு பேதம் காணப்படுகிறது. அங்கே புரோவான்ஸ் பகுதியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கெனச் சாந்தோன் என்னும் சிறு மண் பொம்மைகள் செய்யப்படுகின்றன. மார்செய் நகரில் இவற்றிற்கென 1803-ஆம் ஆண்டிலிருந்து சந்தை கூடி வருகிறது. விரலளவுப் பொம்மைகளுக்கு உடை மண்ணிலேயே அமைய, பெரியவற்றிற்கு மட்டுமே துணி தைத்து உடுத்துகின்றனர். நம் விளாச்சேரியிலும் குடில் பொம்மைகள் உருவாகின்றன என்பதை இங்கே குறிப்பிடலாம்.

சாணுக்கு மேற்பட்ட பொம்மைகளுக்குத் துணி உடுத்துவதாயின், பலமுறை வெளுத்து மென்மையான மல் துணியோ மெல்லிய பட்டோ ஏற்றது. பெரிய பூப்போட்ட துணி உதவாது. பொம்மை படுக்கை விரிப்பைப் போர்த்தியதுபோல் தோன்றும். சாயம் போகும் துணியை முன்னதாக அலசி எடுக்காவிட்டால், ஈரம் பட்ட அன்றே முகமும் கையும் நிறம் மாறும். கொசுவத்தை இடுப்பு முழுவதும் சுற்றாமல், முன்புறம் மட்டும் வைத்துத் தைத்து, மெல்லிய கஞ்சி தோய்த்து, நூலால் கட்டி ஓர் இரவு வைத்தால் மடிப்பு நிற்கும்.

இப்பொழுது பலரும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழியைக் கையாளுகின்றனர். மண் உடலின் மேல் மைதாப் பசையால் துணியை ஒட்டிவிடுகின்றனர். விரைவாக முடிகிறது, பார்வைக்கும் பளபளப்பாக இருக்கிறது. இம்முறையை நாம் சிறிதும் சிபாரிசு செய்வதற்கில்லை. கொலுப் பொம்மை ஆண்டில் பத்து நாள் படியிலும், எஞ்சிய நாள் முழுவதும் பெட்டியிலும் இருப்பது. பெட்டியில் மாவுப் பசையைத் தேடி இராமபாணப் பூச்சியும் கரப்பானும் வருகின்றன. மழைக்காலத்தில் துணி பூசணம் பிடிக்கிறது. கெட்டுப்போன உடையை மரப்பாச்சியின் உடையைப்போல் கழற்றவும் இயலாது; உரித்தால் வர்ணமும் உடன் வருகிறது. மண் உடையின் உறுதியும் இல்லை, துணி உடையின் மாற்றத்தக்க இயல்பும் இல்லை. பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராதே என்று கேட்பவர் உண்டு. அது நஞ்சு, குழந்தைகள் கையாளும் பொருளில் கலப்பது தகாது. துணி உடுத்துவதென்று தீர்மானித்தால், பின்புறம் நாடாவோ கொக்கியோ வைத்துக் கழற்றி மாற்றக்கூடிய உடையாகவே தைக்க வேண்டும். உடலும் அதற்கேற்றபடி மரத்திலோ கூழிலோ, கைகள் உடலை விட்டுச் சற்று விலகி, உடுத்தவும் களையவும் இடம் தருவதாக இருக்க வேண்டும். மாற்று உடையைத் தனியாக விற்கலாம் என்பது இதில் ஓர் இலாபம். மண் பொம்மைக்கு இது கிட்டாது.

விற்பனையிலும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சுப் பொம்மை எத்தனை எடுத்தாலும் ஒன்றுபோலவே வரும். வியாபாரி மாதிரியைப் பார்த்து ஐம்பது கேட்டால் ஐம்பதும் கொடுக்கலாம். கைத்தறிச் சங்கத்திலோ தையல் கடையிலோ மலிவாகக் கிடைத்த வெட்டுத் துண்டில் உடுத்திய பொம்மைக்கு ஐம்பது கேட்டால், அதே துணி மீண்டும் கிடைக்காது. ஆகவே வெட்டுத் துண்டை நம்பும் குழு, ஒவ்வொன்றும் தனித்தனி என்று சொல்லியே விற்க வேண்டும். மொத்த வியாபாரத்தை எதிர்பார்த்தல் கூடாது. வெளியூருக்கு அனுப்புவதில் துணிப் பொம்மைக்கே வசதி அதிகம். எடை குறைவு, உடைவதும் குறைவு.

எனவே குயவர் குடும்பங்களும் சூளையும் முன்னரே உள்ள கிராமத்தில் அச்சுக்கே பணம் செலவிடுவது நல்லது. ஏரி மண்ணுக்கு வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி வழங்க 2024-ஆம் ஆண்டில் வழி செய்யப்பட்டிருப்பதால், பஞ்சாயத்துத் தலைவர் முன்னின்று அந்த அனுமதியைக் கோடையிலேயே பெற்றுத் தரலாம். நெசவும் தையலும் தெரிந்த பெண்கள் மிகுந்த கிராமத்தில், சூளை கட்டுவதற்கு மாறாக, உடலைத் தேர்ந்த கைவினைஞரிடம் வாங்கி உடையை மட்டும் மேற்கொள்ளலாம். செம்மரம் வேண்டுமென்று மட்டும் பிடிவாதம் வேண்டாம்; அதனை வெட்டுவதும் விற்பதும் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

கடன் வாங்குமுன் குழு எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஒரே அளவில் மண் உடைப் பொம்மை இரண்டும், துணி உடைப் பொம்மை இரண்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் வகைக்கு ஒன்றாகப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்து, ஐப்பசி மழைக்கு முன் மூடிவிடட்டும். எஞ்சிய இரண்டையும் வைக்கோல் பொதிந்த கூடையில் இட்டு, சந்தைக்குச் செல்லும் பேருந்தில் ஒருமுறை ஏற்றி இறக்கிக் கொண்டுவரட்டும். தை மாதத்தில் பெட்டியைத் திறந்து பார்த்து, அதன் பின்னர் மனு எழுதினால், சித்திரையில் மண் எடுக்கவோ துணி வாங்கவோ காலம் போதுமானதாக இருக்கும்.