வளர்ந்தோரும் ஆங்கிலப் பேச்சும்

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது முதுமொழி. வளர்ந்தோர்க்கென மாலை வேளைகளில் நடத்தப்பெறும் ஆங்கில வகுப்புகளுக்கு இது பெரிதும் பொருந்தும். முதல் வாரத்தில் வாங்குகள் நிறைந்திருக்கும். பெயர் கூறல், ஊர் கூறல், நலம் உசாவல் என்னும் பாடங்கள் உற்சாகத்தோடு நடைபெறும். ஒரு மாதம் செல்லும். அதே வினாவும் அதே விடையும் திரும்பத் திரும்ப வரும். வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையாகும். வராது நின்றவர்களைக் கேட்டால், வேலை மிகுந்துவிட்டது என்பர். உண்மைக் காரணம் வேறு. தம் பெயரை நன்கறிந்த ஒருவரிடமே தம் பெயரை முப்பது முறை சொல்லிக்கொண்டிருப்பதில் வளர்ந்த மனிதர் எவர்க்கும் ஈடுபாடு நிலைப்பதில்லை.

ஆங்கிலம் வீதியில் வழங்கும் நாடுகளில் இக்குறையை வீதியே நிறைவுசெய்துவிடும். வகுப்பிலே சலித்தவர் கடையிலும் பேருந்திலும் பேசக் கற்றுக்கொள்வார். ஆங்கிலம் வகுப்பறையோடு நின்றுவிடும் நாடுகளிலோ அந்த ஒரு மணி நேரமே எல்லாம். அதனை உயிருள்ளதாக வைத்திருப்பது எங்ஙனம் என்னும் வினாவை ஆராய்வதற்குப் புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை ஏற்றதோர் இடமாகும்.

வென்னப்புவை, சிலாபம், உடப்பு, கற்பிட்டி எனத் தெற்கிலிருந்து வடக்காக நீளும் இக்கரை, பல மொழிகளைக் கண்ட கரை. தமிழும் சிங்களமும் இங்கே அருகருகே வழங்குகின்றன. போர்த்துக்கேயர் வந்தனர், ‘கதிரை’ என்னும் சொல்லை விட்டுச் சென்றனர். ஒல்லாந்தர் வந்தனர்; ‘கந்தோர்’ என்னும் சொல்லையும் கற்பிட்டிக் கோட்டையையும் விட்டுச் சென்றனர். அதே கற்பிட்டியில் 1807 ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் இலங்கையின் ஊர்களைப் பற்றிய விளக்க நூலையும், 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாறாகிய ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலையும் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார்.

ஆயினும் இக்கரை கற்பிக்கும் பாடம் காசிச்செட்டியைப் போன்ற பன்மொழிப் புலவரோடு முடிந்துவிடவில்லை. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில், ஆப்பிரிக்க மூதாதையரின் வழிவந்த சிறு சமூகம் ஒன்று வாழ்கிறது. போர்த்துக்கேயத்தினின்று கிளைத்த கலப்புமொழி ஒன்று அவர்தம் வீட்டுமொழியாய் இருந்தது. இன்று இளையோர் சிங்களம் பேசுகின்றனர். பழைய மொழி பெரும்பாலும் ‘மஞ்ஞா’ எனப்படும் பாடல்களிலேயே தங்கியிருக்கிறது. மனப்பாடமான பாட்டு நிலைத்திருக்க, உரையாடல் மறைந்தது. காரணம் தெளிவு. பாட்டுக்கு நினைவு போதும். உரையாடலுக்கு மறுமொழியை எதிர்பார்த்து நிற்கும் மற்றொருவர் வேண்டும். வகுப்பறைக்கும் இதுவே விதி. மனப்பாடம் செய்த வாக்கியம் நாவில் நிற்கலாம். கேட்பவர்க்குத் தேவையில்லாத பேச்சு நிற்பதில்லை.

இக்கரையில் இன்று ஆங்கிலம் யாருக்குத் தேவைப்படுகிறது? ஆழ்கடலில் ஓங்கில்கள் கூட்டங்கூட்டமாகச் சுழன்று பாய்வதைக் காண, நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரையில் பிறநாட்டார் கற்பிட்டிக்கு வருகின்றனர். சோளகக் காற்று வீசும் மாதங்களில், பெரும் பட்டங்களின் இழுவையால் நீர்மேற் சறுக்கி விளையாடுவோர் வருகின்றனர். வலை வீசிய கைகளிற் சில இப்பொழுது விருந்தினரைப் படகிலேற்றிச் செல்கின்றன. மற்றொரு புறம், வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் உள்ளனர். வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெறுவதற்கு முன்னரே தொடங்கிய பயணம் அது. அலை எழும்போது ‘அமருங்கள்’ என்று படகோட்டியாற் சொல்ல முடியவில்லையாயின் உயிருக்கு ஆபத்து. ‘எனக்குக் காய்ச்சல்’, ‘இம்மாதச் சம்பளம் வரவில்லை’ என்று அந்நிய வீட்டில் ஒரு பெண்ணாற் சொல்ல முடியவில்லையாயின் அவள் முற்றிலும் தனித்தவளாகிறாள்.

தேவை இத்துணை இருந்தும் நா எழுவதில்லை. நாணமே தடை. சிங்களப் பேச்சு வழக்கில் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’, அதாவது வாள், என்றொரு பெயர் உண்டு. தெரிந்தவர் தெரியாதவரை வெட்டி வீழ்த்தும் கருவி என்பது கருத்து. சிறுவன் பிழைவிட்டால் சிரித்துக் கடந்துவிடுவான். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒருவர், நடுக்கடலில் வழி தவறாதவர், வகுப்பில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்து நகைப்புக்கு ஆளானால் மறுநாள் வரமாட்டார்.

நாணமுள்ளோர்க்கு வானொலி ஒரு துணையாயிற்று. அமெரிக்கக் குரல் வானொலி 1959 ஆம் ஆண்டு அக்டோபரில் ‘சிறப்பு ஆங்கிலம்’ என்னும் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏறத்தாழ 1500 சொற்களுக்குள் அடங்கிய செய்திகள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்திலே வாசிக்கப்பட்டன. அவ்வானொலியின் அஞ்சல் நிலையம் ஒன்று சிலாபத்தை அடுத்த இரணைவில் கடற்கரையில் இயங்கி, 2016 இல் மூடப்பட்டது. இத்தகைய ஒலிபரப்புகள் செவியைப் பழக்கின. யாரும் நகைக்காத தனிமையில் கேட்க உதவின. ஆனால் வானொலி வினாவினால் விடை கூறாது. மறுமொழி பெறும் இடம் வகுப்பு ஒன்றே.

ஆகவே வகுப்பின் புதுமை விளையாட்டுகளினாலும் படங்களினாலும் மட்டும் வருவதன்று. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாதிருக்கும் நிலையை உண்டாக்குவதினால் வருவது. ஆலங்குடாவில் ஒரு மாலை வகுப்பு நடைபெறுவதாகக் கொள்வோர்க்கு இது விளங்கும். இருவர்க்கு இரண்டு துண்டுக் காகிதங்கள் கொடுக்கப்படுகின்றன. ஒருவர் படகோட்டி, புறப்படும் நேரம், கட்டணம், படகில் எத்தனை பேர்க்கு இடமுண்டு என்பன அவர் காகிதத்தில் உள்ளன. மற்றவர் விருந்தினர், பதினொரு மணிக்குக் கரை திரும்ப வேண்டும், உடன் வந்த தாயார் கடலுக்கு அஞ்சுபவர் என்பன அவர் காகிதத்தில் உள்ளன. காகிதத்தைக் காட்டாமல் இருவரும் பேசி உடன்பாட்டுக்கு வரவேண்டும். ‘வாட் டைம்?’ என்னும் வினாவுக்கு இப்பொழுது விடை உண்மையாகவே தேவைப்படுகிறது.

அடுத்த வாரம் அதே சொற்களே வரும், நிகழ்ச்சி மாறும். காற்று மிகுந்துவிட்டது, படகு போகாது, கட்டிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும். ‘த விண்ட் இஸ் டூ ஸ்ட்ரோங்’ என்று விளக்குவது படகோட்டியின் பொறுப்பு. மூன்றாம் வாரம் நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிடுகிறது. பாடம் பழையது; தேவை புதியது. பிரபு என்னும் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாகக் கொண்டு தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய திட்டமும் இவ்வழியையே நாடியது. இலக்கணத்தை முன்வைக்காது, காலஅட்டவணை, வரைபடம் முதலியவற்றைக் கொண்டு தீர்க்கவேண்டிய சிக்கலை மாணவர் முன் வைத்தனர். முதலில் ஆசிரியரோடு வகுப்பு முழுவதும் ஒரு சிக்கலைத் தீர்க்கும். பின்னர் அதை ஒத்த மற்றொன்றை மாணவர் தாமே தீர்ப்பர்.

பொருளை மாற்றாது கேட்பவரை மாற்றும் முறையும் ஒன்றுண்டு. கீத் மொரிஸ் என்பவர் 1983 இல் விளக்கிய இம்முறையில், மாணவர் ஒரே செய்தியை முதலில் ஒருவரிடம் 4 நிமிடத்திலும், பின்னர் வேறொருவரிடம் 3 நிமிடத்திலும், மூன்றாமவரிடம் 2 நிமிடத்திலும் கூறுகிறார். கேட்பவர் ஒவ்வொருவர்க்கும் செய்தி புதிது. சொல்பவர்க்கோ ஒவ்வொரு முறையும் தயக்கம் குறைகிறது. மனப்பாடம் செய்யும் சலிப்பின்றியே மீள்பயிற்சி கிடைத்துவிடுகிறது. மீள்பயிற்சியை ஒரே நாளில் குவிப்பதினும் இடைவெளி விட்டுச் செய்தலே நினைவுக்கு நன்று என்பதை எபிங்கவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1885 இலேயே நிறுவினார். சோளகத்திற் கற்றதை வாடைக் காற்றின் தொடக்கத்தில் மீண்டும் எடுப்பது, பருவத்தோடு தொழில் மாறும் இக்கரை மக்களுக்கு இயல்பாகவே பொருந்தும்.

தமிழர்க்கெனத் தனியே கவனிக்கவேண்டிய நுட்பமும் உண்டு. தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே அமைந்திருக்கிறது. ‘தாருங்கள்’ என்றாற் போதும். பணிவு அதனுள் அடங்கும். அதே பணிவான மனத்தோடு படகோட்டி ‘கிவ் மணி’ என்று மொழிபெயர்க்கும்போது விருந்தினரின் காதில் அது அதட்டலாக விழுகிறது. ஆங்கிலம் பணிவை ‘ப்ளீஸ்’, ‘குட் யூ’ என்னும் தனிச்சொற்களில் வைத்திருக்கிறது என்று ஒருமுறை விளங்கிவிட்டால், அது விதியாக அன்றி, தம் மரியாதையைக் காக்கும் வழியாகவே கற்பவர்க்குத் தோன்றும்.

இவை அனைத்தும் ஆசிரியரின் அடக்கத்தைச் சார்ந்தவை. இருவர் பேசிக்கொண்டிருக்கையில் இடையே புகுந்து திருத்துதல் பேச்சை அறுத்துவிடும். பிழைகளைக் குறித்துவைத்து, யார் பிழை என்று கூறாது, வகுப்பின் இறுதியிற் பொதுவாகத் திருத்துவதே நன்று. கடலையும் காற்றையும் பற்றி மாணவரே ஆசிரியர். மொழியில் மட்டுமே அவர் மாணவர். ஓங்கில் எப்பொழுது எங்கே தோன்றும் என்று ஆசிரியர் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டால், அந்த வினாவே அன்றைய பாடமாகிவிடும்.

பால் புளிப்பது பழகுவதனாலன்று; எடுப்பாரின்றி நெடுநேரம் கிடப்பதனால். அன்று கறந்ததை அன்றே பிறர்க்கு வார்க்கும் வீட்டில் பால் புளிப்பதில்லை. மாலையிற் கற்ற வாக்கியம் மறுநாட் காலையிற் படகில் ஒருவர்க்குப் பயன்படுமாயின், அவ்வகுப்பின் வாங்குகள் வெறுமையாகா.