பாட்டியின் வயது என்ன? கணினிக்கும் தெரியாது!

மாணவர்களே, பகாவ், லாபு, லிங்கி வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த முதியவர்களிடம் பிறந்த ஆண்டைக் கேட்டுப் பாருங்கள். “சரியாகத் தெரியாது, ஐயா” என்பார்கள் சிலர். பிறப்புப் பத்திரம் எடுக்காமலே வளர்ந்தவர்களும் உண்டு. இப்படி ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்யவே அரசாங்கம் 2011இல் ‘மைடஃப்தார்’ இயக்கத்தை நடத்தியது.

அப்படிப்பட்ட ஒரு பாட்டியின் பெயரைக் கணினியில் பதிகிறோம். வயதுக் கட்டத்தில் என்ன போடுவது? 0 போட்டால் பொய்யாகிவிடும். 1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் அறிமுகப்படுத்திய எஸ்கியூஎல் மொழியில் இதற்கு ‘நல்’ என்ற குறி இருக்கிறது. ‘இங்கே மதிப்பு இல்லை, என்னவென்று தெரியாது’ என்பது அதன் பொருள்.

சாதாரணமாகக் கணினிக்கு உண்மை, பொய் என இரண்டே விடைகள். எஸ்கியூஎல் மூன்றாவதாகத் ‘தெரியாது’ என்பதையும் ஏற்கிறது. மூன்று மதிப்புத் தருக்கத்தைப் போலந்து அறிஞர் லுகாசியேவிச் 1920இலேயே வெளியிட்டுவிட்டார்.

ஓர் உதவித் திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டியின் வயது தெரியாது.

‘60 வயதுக்கு மேல், மேலும் தோட்டவாசி’ என்பது ‘அண்ட்’ நிபந்தனை. பாட்டி தோட்டத்தில் வசிக்கவில்லை என்றால், வயது எதுவானாலும் விடை பொய்தான். வசிக்கிறார் என்றால், விடை தெரியாது.

‘60 வயதுக்கு மேல், அல்லது தோட்டவாசி’ என்பது ‘ஆர்’ நிபந்தனை. பாட்டி தோட்டவாசி என்றால், வயதைப் பார்க்காமலே விடை உண்மை. இல்லையென்றால், தெரியாது.

எதிர்மறையாக்கும் ‘நாட்’? ‘தெரியாது’ என்பதைத் திருப்பிப் போட்டாலும் ‘தெரியாது’தான்.

இப்போது கவனியுங்கள். 60க்கு மேற்பட்டவர்களின் பட்டியலைக் கேட்கிறோம். பாட்டி அதில் இல்லை. சரி, 60 அல்லது அதற்குக் குறைந்தவர்களைக் கேட்போம். அதிலும் இல்லை! இரண்டையும் ‘ஆர்’ போட்டு இணைத்தாலும் பாட்டி வரமாட்டார். எந்த மனிதரும் இந்த இரண்டு வகையில் ஒன்றில் இருந்தாக வேண்டும் என்பது நமக்குத் தெரியும். கணினியோ இரு பகுதிகளையும் தனித்தனியே பார்க்கிறது. ‘தெரியாது’ அல்லது ‘தெரியாது’ என்றால் ‘தெரியாது’ என்று முடிக்கிறது. விடை உண்மையாக இருப்பவர்களை மட்டுமே பட்டியலில் சேர்க்கிறது.

அதனால் ‘வயது நல்லாக உள்ளவர்கள் யார்?’ என்று மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு ‘இஸ் நல்’ என்று எழுத வேண்டும். சமக்குறி போட்டால் வேலைக்கு ஆகாது. வயது தெரியாத இரண்டு பாட்டிகளுக்கு ஒரே வயதா என்று யாரால் சொல்ல முடியும்?

நாளை உங்களில் ஒருவர் இப்படியொரு பட்டியலைத் தயாரிக்கலாம். அந்த மூன்றாவது கேள்வியை மறந்தால், உதவி அதிகம் தேவைப்படும் பாட்டியே விடுபட்டுப் போவார்.

செய்து பாருங்கள்: ‘பொய் அண்ட் தெரியாது’, ‘உண்மை அண்ட் தெரியாது’. இவற்றின் விடை என்ன?
(விடை: பொய், தெரியாது)