மூதூரிற் சிறைப்பட்டவனின் விடுதலை

வரலாறு பயில்வோர் றொபேட் நொக்ஸின் நூலைக் கண்டி இராச்சியத்தின் ஆட்சிமுறை, வேளாண்மை, வழக்காறு என்பவற்றை அறிதற்கே பெரிதும் எடுத்தாள்வர். 1681இல் இலண்டனில் வெளிவந்த அந்நூலின் நான்காம் பகுதியோ, சிறையாளன் ஒருவன் தன் மீட்சியை இறைவன் செயலாக விளங்கிக்கொண்ட வரலாறாகும். அது மூதூர்க் கரையிலே தொடங்குகின்றமையின் நமக்கு அணுக்கமானது.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்திற் புயலால் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் கப்பல், அதனைச் சீர்செய்யக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 ஏப்ரிலில் கப்பற்றலைவரான மூத்த நொக்ஸ், பத்தொன்பது வயதினனாகிய அவர் மகன், வேறு சிலர் ஆகியோரை இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் சிறைபிடித்தனர். தந்தை பிடிபட்டது ஒரு புளியமரத்தடியில் என்பர். பிற்காலத்தில் அங்கு நாட்டப்பெற்ற நினைவுக்கல் தந்தையையும் மகனையும் ஒருவராகவே மயங்கிக் கூறுவது கவனிக்கத்தக்கது.

சிறைப்பட்ட பின் மகன் செய்திகொண்டு கப்பலுக்கு அனுப்பப்பட்டான். அங்கேயே தங்கியிருப்பின் அன்றே தப்பியிருக்கலாம். ஆயினும் கப்பலிலுள்ளோரைத் தம் பாதுகாப்பைத் தேடுமாறு தந்தை கூறியதை அறிவித்துவிட்டு, தந்தையிடம் மீண்டான். நூல் முழுவதிலும் அவனது விசுவாசத்துக்கு இதனினும் வலிய சான்று இல்லை என்பது நம் துணிபு.

1661 பெப்ரவரியில் தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் தனித்தான். பின்னர் முதியவர் ஒருவரிடமிருந்த ஆங்கில விவிலிய நூலை, தான் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்துப் பெற்றான். கண்டி நாட்டில் அந்நூல் தன் கைக்கு எட்டியதை அவன் தற்செயலாகக் கொள்ளவில்லை. இறைவன் தன்னைக் கைவிடவில்லை என்பதற்கு அடையாளமாகவே கொண்டான். விலங்கு பூட்டிய சிறையன்று அவனுடையது. ஊரிடை உலாவலாம், நாட்டைவிட்டு நீங்கலாகாது. அந்நிலையில் அவன் முதலிற் பெற்றது மனத்தின் பாதுகாப்பே. விடுதலை பதினெட்டு ஆண்டுகள் பிந்தியது.

இறைவனை நம்பியவன் வாளாவிருந்தானல்லன். சில்லறை வணிகனாகத் திரிந்து வடபுலத்து வழிகளை ஆராய்ந்தான். முன்னைய முயற்சிகள் பல தடைப்பட்டன. 1679 செப்டெம்பரில் ஸ்டீபன் றட்லண்ட் என்பானோடு புறப்பட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவைப் பற்றி, யானைக் காடுகளூடே நடந்து, கயிலை வன்னியனின் தமிழ்ப் புலத்தை அடைந்தான். ஒக்டோபர் 18இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டை அவர்களுக்குப் புகலளித்தது. காட்டின் ஒவ்வோர் இடரிலிருந்தும் தப்பியமையை அவன் இறைவனுக்கே உரித்தாக்குகின்றான். வழியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த தன் உழைப்பையும் மறைக்கவில்லை. இவ்விரண்டும் அவன் கருத்தில் முரண்படவில்லை.

முரண் வேறிடத்திலுண்டு. தாயகம் மீண்ட நொக்ஸ் கப்பற்றலைவனாகி, 1680களில் மடகஸ்காரில் அடிமைகளைக் கொள்வனவு செய்து சென்ற் ஹெலினாத் தீவுக்குக் கொண்டுசெல்லும் பணியை ஏற்றான்.