கோவளத்து அலையும் குண்டாற்று மணலும்

மழைக்காக வானத்தையும் தண்ணீருக்காக வரத்துக்காலையும் பார்த்துப் பழகிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து ஜனங்களுக்குச் சமுத்திரம் என்பது அமாவாசைக்கு மட்டுமே உரிய வஸ்துவாக இருந்துவருகிறது. ஆடியிலும் தையிலும் சேதுக்கரைக்கோ இராமேசுவரத்துக்கோ சென்று, இடுப்பளவு நீரில் நின்று, மூன்று முழுக்குப் போட்டுப் பிதிர்க்கடனைத் தீர்த்துத் திரும்பிவிட்டால், அப்புறம் ஆறு மாதத்துக்குக் கடலின் நினைவே நமக்கு எழுவதில்லை. கடலைப் பார்ப்பதற்கென்றும் அதில் விளையாடுவதற்கென்றும் ஒருவன் ரயிலேறினால், அவன் பெரும் பணக்காரனாகவோ பித்தனாகவோ இருக்கவேண்டும் என்று எண்ணுவதே நம்மவர் வழக்கம்.

இத்தனைக்கும் கடல் நமக்கு அந்நியமானதன்று. திருச்சுழியில் பூமிநாதர் ஆலயத்துக்கருகே ஓடும் குண்டாறு, கமுதி வழியாகச் சென்று மூக்கையூருக்குச் சமீபத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வருஷத்தில் பெரும்பாகம் அது வெறும் மணலாயும் சீமைக்கருவேலங் காடாயும் கிடப்பது உண்மையே. எனினும் நமது கரிசலில் விழுந்து கண்மாய்களை நிரப்பி மிஞ்சிய மழை அந்த வழியாகத்தான் சமுத்திரத்தை அடைகிறது.

ஆனால் மூக்கையூர்ப் பக்கத்தில் பேரலையைக் காண்பது அரிது. கிழக்கே இலங்கைத் தீவு காப்பாக நிற்கிறது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை கரைக்கு முன்னே பவளப்பாறைத் தீவுகள் வேலிபோல் அமைந்து அலையின் வேகத்தை உடைத்துவிடுகின்றன. அத்தீவுகள் 21 என்று கணக்கு. அவற்றுள் இரண்டு நீருள் மூழ்கிப்போயின. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தது அதற்கொரு முக்கிய காரணம் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அலையை விரும்புவோர் தெற்கே மணப்பாட்டுக்குப் போகலாம். அவ்விளையாட்டு ஓர் ஊரின் வாழ்வையே எவ்வாறு மாற்றியிருக்கிறதென்று பார்க்க விரும்புவோர் கோவளத்துக்குத்தான் போகவேண்டும்.

நாம் சொல்லும் கோவளம் மலையாளத்திலுள்ளதன்று. குமரிமுனைக்கு அருகிலுள்ளதும் அன்று. சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கு அடுத்தாற்போலுள்ள செம்படவர் ஊர் அது. அருப்புக்கோட்டையில் சிலம்பு எக்ஸ்பிரஸில் ஏறினால் தாம்பரத்தில் இறங்கி, கேளம்பாக்கம் மார்க்கமாக அவ்வூரை அடையலாம். ஒரே ஊரில் தமீம் அன்சாரி தர்காவும், கார்மேல் மாதா கோயிலும், மீனவர் வழிபடும் தெய்வங்களின் கோயில்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு பக்கம் கழி, ஒரு பக்கம் கடல், நடுவே சவுக்குத் தோப்பும் மணலும். விடியற்காலத்தில் படகுகள் கரையேறும்போது மாத்திரம் மீன் ஏலத்தின் கூச்சல் காதைப் பிளக்கும். வெயில் ஏறியதும் ஊர் அடங்கிவிடுகிறது. வலையைச் செப்பனிடுகிற கிழவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை. பட்டணத்துக்கு இத்தனை சமீபத்தில் இத்தகைய நிதானம் எஞ்சியிருப்பது நமக்குப் பெரிய ஆச்சரியமாயிருந்தது.

அலையின் விவரம் இது. சித்திரை வைகாசி கழிந்து புரட்டாசி வரை, தெற்கே வெகு தூரத்தில், குளிர்மண்டலத்தையடுத்த சமுத்திரத்தில் அடிக்கும் புயல்கள் எழுப்பும் அலையெழுச்சி பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, நீண்ட ஒழுங்கான அலைவரிசையாக நமது கரையை அடைகிறது. கோவளத்தில் கரையிலிருந்து நீண்டிருக்கும் பாறைமுனை அவ்வலையை ஒரு பக்கமாக வளைக்கிறது. அதனால் அலை ஒரேயடியாக இடிந்து விழாமல், முனையிலிருந்து வரிசையாகச் சுருண்டுகொண்டே செல்கிறது. அதிகாலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் மெல்லிய காற்று அதன் முகத்தை வழவழப்பாக்குகிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் எல்லாம் கலைந்துபோம். ஆகவே பலகையேறுவோர் மீனவரைப்போலவே கோழி கூவுமுன் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கரை பல துரைத்தனங்களின் பேராசையைக் கண்டது. 18-ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெண்டு கம்பெனியார் வந்தனர்; நவாபு கோட்டை கட்டினார்; பிரெஞ்சுக்காரர் அதைப் பற்றினர்; 1752-ல் கிளைவ் அதைப் பிடித்து இடித்தெறிந்தான். கோட்டை போயிற்று, கம்பெனிகளும் போயின. மீன் பிடிப்பவர் இருக்கிறார்கள். கடலையே ஆள்பவர்கள் என்று மார்தட்டிய வெள்ளையர், சென்னையில் துறைமுகம் ஏற்படும் வரையில், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து கரையேறுவதற்கு நமது படகோட்டிகளையே நம்பியிருந்தனர் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? ஆணி ஒன்றும் அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு, அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்துகொடுக்கும். ஆணியடித்த கப்பற்படகோ சிதறிவிடும். கட்டுமரம் என்ற நமது சொல்லையும் ஆங்கிலேயர் அப்படியே தமது பாஷைக்கு எடுத்துச் சென்றனர். அலையை எண்ணி, தக்க அலை வரும்வரை பொறுத்து, அதன் முதுகிலேறிக் கரைசேரும் வித்தை இன்று நேற்று இறக்குமதியானதன்று. சாமான் மாத்திரமே புதிது.

பலகைமேல் நின்றுகொண்டு அலையில் சறுக்கும் விளையாட்டு ஹவாய்த் தீவினருடையது. அதன் சரித்திரம் நம்மவர் படிக்கத்தக்கது. 1779-ல் காப்டன் குக்கின் கப்பலோடு சென்றவர்கள் அதைக் கண்டு வியந்து எழுதி வைத்தனர். அடுத்த நூற்றாண்டில் வந்த பாதிரிமார் அதைச் சோம்பேறித்தனமென்று இகழ்ந்தனர்; அந்நியர் கொண்டுவந்த வியாதிகளால் ஜனத்தொகை குன்றிற்று; 1893-ல் அரசியைக் கவிழ்த்து, 1898-ல் அமெரிக்கா தீவுகளையே விழுங்கிற்று. அதன் பின்னர் வைகீகிக் கரையில் விடுதிகள் எழுந்தன. இகழப்பட்ட அதே விளையாட்டு உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்கப்படும் சரக்காயிற்று. 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலுக்குத் தங்கப்பதக்கம் வென்ற டியூக் கஹானமோகு என்ற ஹவாயர் அதைக் கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் எடுத்துச் சென்று பரப்பினார். வித்தை உலகமெங்கும் பரவிற்று. வித்தைக்குரியவரின் நிலமோ அந்நியர் வசமாயிற்று.

நமது தேசத்தில் அது மெதுவாகவே முளைத்தது. கன்னட நாட்டு முல்கியில் 2004-ல் ஓர் ஆசிரமத்தார் சங்கம் தொடங்கினர். கோவளத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் என்ற மீனவர், சிறுவயதில் கிடைத்த பலகைத் துண்டில் படுத்து அலையில் சறுக்கியவர். பின்னர் வெளிநாட்டார் கொண்டுவந்த பலகையைக் கண்டு தாமாகவே அவ்வித்தையில் தேர்ந்தார். 2012-ல் அருண் வாசு என்பவரின் துணையோடு அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளே அங்கு ஆசான்கள். மோட்டாரில் வந்திறங்கும் பட்டணத்துக் கனவான்கள், செம்படவ இளைஞன் 'படு' என்றால் படுத்து, 'எழு' என்றால் எழுந்து, தண்ணீரைக் குடித்துத் தத்தளிப்பதைப் பார்க்க நமக்குச் சற்றே சந்தோஷமாயிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். 2025 ஆகஸ்டில் அருகிலுள்ள மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்து, கன்னட நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

இனிக் கவலைக்குரிய விஷயத்துக்கு வருவோம். அலை அழகாயிருக்கிறது என்று தெரிந்தவுடனே அலைக்கெதிரே மனை வாங்க ஆள் வந்துவிடுகிறது. கடற்கரை ஒழுங்குமுறைச் சட்ட அறிவிப்பு முதன்முதல் 1991-ல் வந்தது. 2011-ல் திருத்தி எழுதப்பட்டது. 2019-ல் மறுபடியும் மாற்றப்பட்டது. ஜனநெருக்கம் மிகுந்த கிராமக்கரைகளில் கட்டடம் கூடாதென்று ஒதுக்கியிருந்த 200 மீட்டர், இந்தக் கடைசி மாற்றத்தில் 50 மீட்டராகச் சுருங்கிற்று. கோவளத்துக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. சுத்தம் நல்லதே, யாரும் வேண்டாமென்று சொல்லார். ஆனால் கரையை அழகுபடுத்தும்போது படகை ஏற்றிவைக்கவும், வலையை உலர்த்தவும், மீனைக் காயவைக்கவும் உள்ள இடம் எது என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டாமா? அந்த இடத்துக்குப் பட்டா கிடையாது. அநுபோகமே அதற்கு ஆதாரம். கண்மாயின் நீர்ப்பிடிப்பு ஒவ்வொரு காணியாக யார் யாருடைய புன்செய்யாகவோ மாறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்த நமது ஜில்லாவாசிகளுக்கு இந்தத் தந்திரத்தை விளக்கவேண்டியதில்லை.

சட்டம் முற்றிலும் ஊமையாயில்லை. கடற்கரையும் ஓடுநீரும் காற்றும் காடும் ஜனங்களுக்குரியவை, சர்க்கார் அவற்றுக்குத் தர்மகர்த்தா மாத்திரமே என்ற கொள்கையைச் சுப்ரீம் கோர்ட்டார் 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில் நிலைநாட்டினர். அதே மாதத்தில், சர்வோதயத் தொண்டர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர இறால் பண்ணைகளுக்கு விரோதமாகத் தீர்ப்புக் கிடைத்தது. ஆனால் தீர்ப்பு தானாகக் கடற்கரைக்கு நடந்து வருவதில்லை. 2019 அறிவிப்பின்படி தமிழ்நாட்டுக்குத் தயாரித்த கரையோர வரைபடங்கள் 2023-ல் பொதுஜன விசாரணைக்கு வந்தபோது, தங்கள் ஊர்களும் தொழிலிடங்களும் அவற்றில் சரிவரக் குறிக்கப்படவில்லை என்று மீனவர்கள் முறையிட்டனர். படத்தில் இல்லாத நிலத்துக்கு நாளை கோர்ட்டில் சாட்சி சொல்வது எத்தனை கஷ்டம் என்பதை வக்கீல் தொழில் செய்தவர் எவரும் அறிவார்.

கல்லைக் கொட்டுவதிலும் இதே அபாயம் இருக்கிறது. நமது கிழக்குக்கரையில் வருஷத்தின் பெரும்பாகம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்காக 1876-ல் கல்லணை தொடங்கியபின், தெற்கே மணல் சேர்ந்து இன்றைய மெரீனாக் கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. புதுச்சேரியில் 1989-க்குப்பின் அதே கதை. ஓரிடத்தில் அலையைத் தடுத்தால் மற்றோரிடத்தில் வீடு போகிறது. விளையாட்டுக்காரனுக்குப் போவது ஓர் அலை. மீனவனுக்குப் போவது படகேறும் கரை.

நமது இளைஞர்கள் கோவளத்துக்குச் சென்று பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் போகவேண்டாம். கடல் அப்போது யாருக்கும் அடங்காது. தாமாக நீரில் இறங்காமல், அவ்வூர் மீனவப் பிள்ளைகளிடம் உரிய கட்டணம் கொடுத்துக் கற்கவேண்டும். தை முதல் பங்குனி வரை இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அக்காலத்தில் மணலில் விளக்கும் ஆரவாரமும் கூடா.

திரும்பி வந்தபின் குண்டாற்றின் முடிவையும் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். மூக்கையூரிலும் மீன்பிடித் துறைமுகம் எழுந்துவிட்டது. அங்கும் கல்லணை உண்டு. அதன் இரு பக்கத்திலும் கரை வருஷத்துக்கு எத்தனை அடி வளர்கிறது, எத்தனை அடி தேய்கிறது என்று அளந்து, அவ்வளவை ஊர்க்கூட்டங்களில் மீனவர்க்குப் படித்துக்காட்டும்படி இராமநாதபுரம் கலெக்டரைக் கேட்டுக்கொள்கிறோம்.