கணக்கும் கருவியும் – 9: எடையா, வளைவா?

ஒரு முனை சுவரில் பதிந்த உலோகத் தண்டு. மறுமுனையில் பாரம். தண்டை மெலிதாக்கினால் எடை குறையும், ஆனால் வளைவு கூடும். தடிமனாக்கினால் வளைவு குறையும், எடை ஏறும். எடைக்கு இத்தனை பங்கு, வளைவுக்கு இத்தனை பங்கு என்று முன்கூட்டியே பிரித்து, இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிடுவது பழைய வழக்கம். ஒரு விடை வந்துவிடும். பங்கை மாற்றினால் வேறு விடை. அந்தப் பங்கை யார், எதை வைத்து முடிவுசெய்தார் என்பது விடையில் தெரியாது.

இதை மாற்றுவதற்கே தன் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் கல்யாண்மய் தேப். திரிபுராவில் பிறந்தவர். 1985-ல் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பட்டம், 1991-ல் அலபாமா பல்கலைக்கழகத்தில் டேவிட் கோல்ட்பர்க்கிடம் முனைவர் பட்டம், 1993-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியப் பணி.

இருவரும் கையாண்ட கருவி ஜெனடிக் அல்காரிதம். அது ஒற்றை விடையோடு நகர்வதில்லை. ஒரு கூட்டம் விடைகளை வைத்துக்கொண்டு, நல்லவற்றைக் கலந்து, அடுத்த தலைமுறையை உண்டாக்கும். கூட்டமே கையில் இருக்கும்போது ஏன் ஒன்றை மட்டும் தேட வேண்டும்? எடை, வளைவு இரண்டிலும் இன்னொன்றிடம் தோற்காத விடைகள் அத்தனையையும் ஒரே ஓட்டத்தில் பிடிக்கலாமே! இதற்கான குறிப்பு கோல்ட்பர்க்கின் 1989-ம் ஆண்டுப் புத்தகத்திலேயே இருந்தது. மாணவர் ஸ்ரீநிவாஸோடு சேர்ந்து தேப் அதைச் செயல்படும் முறையாக்கினார். 1994-ல் வெளியான அதன் பெயர் என்.எஸ்.ஜி.ஏ.

முறை வேலை செய்தது, ஆனால் மெதுவாக. கிடைத்த நல்ல விடை அடுத்த தலைமுறையில் தொலைந்துபோகலாம். விடைகள் ஒரே இடத்தில் குவியாமலிருக்க, பயன்படுத்துபவரே ஓர் அளவைத் தர வேண்டியிருந்தது. 2002-ல் தேப்பும் மூன்று மாணவர்களும் எழுதிய கட்டுரை, இந்த மூன்று குறைகளையும் சுருக்கவுரையிலேயே சொல்லிவிட்டுத்தான் என்.எஸ்.ஜி.ஏ.-2 பற்றிப் பேசத் தொடங்கியது. பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக வரிசைப்படுத்தியதால் நல்லது தொலையவில்லை. அண்டை விடைகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை அல்காரிதமே அளந்துகொண்டதால், பயனர் தர வேண்டிய அந்த அளவு தேவையற்றுப்போனது. புதிதாகச் சேர்த்ததைவிட, பயனரிடம் கேட்கும் கேள்வியொன்றை நீக்கியதைத்தான் நான் இதன் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். நிரலையும் கான்பூர் ஆய்வகம் எல்லோருக்கும் கொடுத்தது. இத்துறையில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அது ஒன்று. தேப்புக்கு 2005-ல் பட்நாகர் விருதும், 2011-ல் இன்ஃபோசிஸ் பரிசும் கிடைத்தன.

எனக்கு இன்னும் பிடித்தது, அவர் அதற்குப்பின் கேட்ட கேள்வி: சிறந்த விடைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? ஒரு கியர் பெட்டியை வடிவமைத்தபோது, கடத்தும் திறன் கூடக்கூட, பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் அந்தத் திறனின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுவது தெரிந்தது. விடைகளுக்குள் ஒரு வடிவமைப்பு விதியே கிடந்தது. இந்த முறைக்கு அவர் இட்ட பெயர் ‘இன்னோவைசேஷன்’.

2013-ல் அவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் சென்றார். ஒரு சிக்கல் மிஞ்சியிருந்தது: எடை, வளைவு போன்ற நோக்கங்கள் இரண்டு மூன்றைத் தாண்டிவிட்டால் கூட்டத்தில் ஏறக்குறைய எந்த விடையும் எதனிடமும் தோற்காது. அப்போது எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? 2014-ல் வந்த என்.எஸ்.ஜி.ஏ.-வின் மூன்றாம் பதிப்பு அதை எப்படிக் கையாண்டது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.