தாமே கணிதம் பயில எந்த நூல் ஏற்றது?

பழவேற்காடு ஏரியின் மீன்பிடிக் கிராமங்களில் கணக்கு அறியாதவர் இலர். எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை விரிப்பது என்று 'பாடு' முறையில் வகுத்துக்கொள்ளும் மீனவரும், பனையோலையை எண்ணி எண்ணிக் கூடை முடையும் நம் பெண்மக்களும் கணக்கோடுதான் வாழ்கின்றனர். ஆயினும் பள்ளியை இடையில் விட்ட பெண்மணி ஒருவர், பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத எண்ணிக் கணித நூலைத் திறந்தால், பத்துப் பக்கம் தாண்டுமுன் மூடிவிடுகிறார். "எனக்கு அறிவு போதாது" என்று நொந்துகொள்கிறார். சகோதரியே, குறை பெரும்பாலும் உங்கள் அறிவில் இல்லை. கையில் எடுத்த நூலில்தான் இருக்கிறது.

தாமே கற்றவர் என்றதும் இராமானுஜன் பெயரைத்தான் எல்லாரும் சொல்வர். 1903ஆம் ஆண்டு கும்பகோணத்தில், ஜி.எஸ். கார் என்பார் தொகுத்த பெருநூல் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அதில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. நிரூபணமோ மிகச் சொற்பம். தேர்வுக்குச் செல்லும் மாணவர்க்கு நினைவூட்டவே அது எழுதப்பட்டது. நிரூபணங்களைத் தாமே தேடிக் கண்ட மேதைக்கு அது விருந்தாயிற்று. ஆனால் அதற்கு முன்பே, பயிற்சிக் கணக்குகள் நிறைந்த லோனியின் திரிகோணமிதிப் பாடநூலை அவர் முடித்திருந்தார் என்பதைப் பலர் சொல்வதில்லை. 'எல்லாச் சூத்திரங்களும் ஒரே புத்தகத்தில்' என்று கடைகளில் தொங்கும் சிறு நூல்களும் காருடைய நூலின் இனமே. ஏற்கெனவே கற்றவருக்கு அவை உதவும், தொடங்குவோருக்கு ஆகா.

தொடங்குவோருக்கான நூல் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அல்குவாரிஸ்மியைப் பாருங்கள். கி.பி. 813 முதல் 833 வரை ஆண்ட கலீஃபா மஃமூனின் காலத்தில், பக்தாதில் அவர் அல்ஜப்ரு பற்றிய நூலை இயற்றினார். குறியீடு ஒன்றுகூட இல்லை, எல்லாம் சொற்களே. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வரும், எண் யாது? விடை 3 என்று கூறி நிறுத்தாமல், சதுரம் வரைந்து காரணத்தையும் காட்டுகிறார். நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளே.

அத்தகைய கணக்கு நம் வீட்டிலும் வரும். ஒருவர் மனைவியையும், ஒரு மகனையும், இரு மகள்களையும் விட்டு மறைகிறார். அவருடைய பெற்றோர் முன்பே காலமாயினர். கடன் முதலியன தீர்ந்தபின் எஞ்சியது 1,20,000 ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒன்று, 15,000. மீதி 1,05,000ஐ நான்கு பங்காக்கினால் ஒரு பங்கு 26,250. மகள்களுக்கு ஒவ்வொரு பங்கு. மகனுக்கு இரு பங்கு, 52,500. பின்னமும் விகிதமும் அறிந்த பெண் தனக்குரியது சரியாக வந்ததா என்று தானே பார்த்துக்கொள்வாள். பிறர் சொன்ன தொகைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

இவ்விரண்டும் தமிழ்நாடு அரசின் ஆறாம் வகுப்புக் கணித நூலிலேயே உள்ளன. ஆகவே எட்டாம் வகுப்போடு நின்றவரும் வெட்கப்படாமல் ஆறிலிருந்தே தொடங்கலாம். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் தமிழிலேயே விலையின்றிக் கிடைக்கிறது. எந்நூலாயினும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்றைப் படித்து, நூலை மூடிவிட்டு, அதையே தாளில் போடுங்கள். மூன்று எடுத்துக்காட்டுகளில் தொடர்ந்து தடுமாறினால் ஒரு வகுப்பு கீழே இறங்குங்கள். கைடுகளை மட்டும் தள்ளி வையுங்கள். நீங்கள் யோசிக்குமுன் அவை விடையை நீட்டிவிடும். பாடநூலில் விடைகள் கடைசியில் இருப்பதே நல்லது, போட்ட பிறகு ஒப்பிடலாம். பழைய பிரதியை இரவல் வாங்குவோர், அந்தக் கடைசித் தாள்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று முதலில் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.